தவறினால் என்ன செய்வது

எங்கள் தீவில் உயர்நிலைப் பள்ளிக்குக் காலேஜ் என்றுதான் பெயர். ரோஸ் ஹில்லில் நான் வேலை பார்த்தது பெண்களுக்கான ஒரு தனியார் காலேஜ். பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு பழைய மர வீடு, பின்னால் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, முற்றத்தில் ஒரு லிச்சி மரம். ஜனவரி பிறந்தால் அந்த மரத்தடியில் ஒரு மேசையைப் போட்டு என்னை உட்கார வைத்துவிடுவார்கள். புதிதாகச் சேர வரும் பெண்களுக்கும் அவர்களைக் கூட்டி வருகிறவர்களுக்கும் எந்தப் பாடங்களை எடுக்கலாம், ஐந்து வருடம் கழித்துச் சர்டிஃபிகேட் வாங்க எதிலெல்லாம் தேற வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். நான் பூகோளம் நடத்துகிறவள். எனக்குப் பொறுமை கிடையாது, நல்ல தொண்டை உண்டு. அந்தத் தொண்டைக்காகத்தான் என்னைப் பிடித்துப் போட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பரீட்சைத் தாள் இங்கிலாந்திலிருந்து வரும், பிள்ளைகள் எழுதியது அங்கேயே திரும்பிப் போகும். ஆங்கிலத்தில் கட்டாயம் தேற வேண்டும். மற்றதையெல்லாம் வெளுத்து வாங்கியிருந்தாலும் ஆங்கிலம் போனால் சர்டிஃபிகேட் இல்லை. இது எல்லாக் காலேஜுக்கும் பொது. எங்கள் காலேஜில் கூடுதலாக ஒரு தொல்லை இருந்தது. சேரும் அன்றே பெண்களை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். ஒரு பக்கம் கணக்கும் விஞ்ஞானமும், மறுபக்கம் தையலும் வீட்டு நிர்வாகமும். தையல் பக்கம் போனவள் பிறகு கணக்குப் பக்கம் வர முடியாது. தையல் பக்கம் தேறுவது சுலபம். ஆனால் கணக்கு இல்லாத பெண்ணை ஆசிரியர் பயிற்சிக்கு எடுக்க மாட்டார்கள். கணக்கு வாத்தியாருக்குச் சம்பளம் அதிகம் என்பதால் எங்கள் முதலாளிக்குத் தையல் பக்கம் நிரம்பினால்தான் மனம் குளிரும். அதை என் காதிலும் போட்டு வைத்திருந்தார். எனக்கு அந்தக் காது கொஞ்சம் மந்தம்.

ஒரு ஜனவரியில் கான் தெ மாஸ்க் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். அப்பா கரும்புத் தோட்டத்தில் வேலை செய்கிறவர், தொப்பியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். அம்மா கறுப்புக் குடையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சு நுனியில் உட்கார்ந்தாள். பெண் மட்டும் மேசைக்கு நேராக வந்து நின்றது. அதன் ஆரம்பப் பள்ளி மதிப்பெண்களைப் பார்த்தேன். எனக்கே பொறாமையாக இருந்தது.

"என்னவாகப் போறே?" என்று கேட்டேன்.

"டீச்சர், மிஸ்."

"அப்போ கணக்குப் பக்கம்" என்று பேனாவை எடுத்தேன்.

அப்பா குறுக்கே பேசினார். அந்த ஊர்க்காரர்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலுக்கு நடுவில் தமிழைத் தூவிப் பேசுவார்கள், அதைத் தமிழாகவே எழுதுகிறேன். "இல்லீங்க மிஸ். தையல் பக்கம் போடுங்க. ஆத்தா சொல்லிட்டா."

எந்த ஆத்தா என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு விளக்கினார். ஊர் அம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால் கணக்கு, சிவப்பு வந்தால் தையல். வெற்றிலையில் மடித்துக் கட்டிய இரண்டு பொட்டலங்களை அம்மன் முன்னால் வைத்து, மூத்த மகனுடைய கைக்குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்களாம். சிவப்பு வந்தது.

எனக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. "அண்ணே, ஆத்தாவுக்கு ஸ்கூல் சர்டிஃபிகேட் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் மாறியது. ஆனாலும் குரல் உயரவில்லை. "எங்களை என்ன வேணா சொல்லுங்க மிஸ். அவளைச் சொல்லாதீங்க."

மன்னிப்புக் கேட்டேன். நான் பக்கத்து டவுன் போ பசானில் பிறந்தவள். எங்கள் அப்பா அரசாங்க குமாஸ்தா. எங்கள் வீட்டில் சாமி படமும் இருந்தது, அகராதியும் இருந்தது, இரண்டுக்கும் சண்டை வந்ததில்லை. இவர்களிடம் எப்படிப் பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. பெண்ணைப் பார்த்தேன். அது என்னையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றது. அம்மா குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவசரம் இல்லை, மத்தியானம் எழுதிக்கலாம். சாப்பிட்டுட்டு வாங்க" என்று அவர்களை அனுப்பினேன். அடுத்த குடும்பத்திடம் பேசும்போதும் மனசு அங்கேயேதான் இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியே கொடுக்க மாட்டேன் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

மத்தியானம் கைகழுவக் குழாயடிக்குப் போனேன். அந்த அம்மா பின்னாலேயே வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு பேசினாள்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதே. ரெண்டு பொட்டலத்திலயும் சிவப்புதான் வெச்சேன்."

கையைத் துடைக்காமலே அவள் பக்கம் திரும்பினேன்.

"மூத்தவன் ஒருத்தன் இருக்கான். எங்க ஊர்லயே கெட்டிக்காரன். அவனைப் படிக்க வெக்க ரெண்டு மாட்டை வித்தோம். அஞ்சு வருஷம் படிச்சான். கடைசியில எல்லாத்திலயும் பாஸு, இங்கிலீஷ் மட்டும் போச்சு. ரிசல்ட் போர்டுக்கு முன்னால நின்னவனை அவன் காலேஜ் வாத்தியார் ஒருத்தர் தோள்ல தட்டி, 'ஃபினி'ன்னாராம். முடிஞ்சு போச்சுன்னு. வீட்டுக்கு வந்து புஸ்தகத்தையெல்லாம் கரும்புச் சோகையில போட்டுக் கொளுத்தினான். மறுநாள் அவங்கப்பா பின்னாலயே தோட்டத்துக்குப் போயிட்டான். இன்னைக்கு வரைக்கும் வெட்டுறான். சாப்பிடுவான், தூங்குவான். பேச்சுக் கிடையாது. இவளையும் அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. தையல்னா தேறிடுவா. கையில ஒரு காகிதம் வந்துரும். அது போதும்."

என் வாய் இருக்கிறதே, அதைப் பற்றி என் வீட்டார் நிறையச் சொல்வார்கள். நுணலும் தன் வாயால் கெடும். ஒரு கெட்டிக்காரப் பையன் வீணாகப் போனானே என்கிற கோபத்தில், பஸ்ஸைத் தவறவிட்டவனைக் கேட்பதுபோலக் கேட்டேன். "ஒரு பாடம் போனதுக்கா இத்தனையும்? அடுத்த வருஷம் மறுபடி எழுதியிருக்கலாமே. ஏன் எழுதலை?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"மறுபடியா?"

"ஆமா. எல்லாப் பாடத்தையும் மறுபடி எழுதணும், பணமும் கட்டணும். ஆனா எழுதலாம். எத்தனையோ பேர் எழுதறாங்க."

"யாரும் சொல்லலியே" என்றாள்.

என் தம்பியே முதல் தடவை ஆங்கிலத்தில் கோட்டைவிட்டவன். வீட்டில் நாங்கள் அவனை ஒரு வாரம் கேலி செய்தோம். மறுவருடம் எழுதினான், தேறினான், இப்போது தலைநகர் போர்ட் லூயிஸில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். எங்கள் தெருவில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பஸ் எங்கே நிற்கும் என்பதுபோல எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இது தெரியாத வீடு இந்தத் தீவில் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த வாத்தியாரை நினைத்தால் வயிறு எரிந்தது. கெட்ட மனுஷராகக்கூட இருந்திருக்க மாட்டார். சும்மா ஆறுதலாகத் தட்டியிருப்பார்.

அவள் அழவில்லை. குழாயைச் சொட்டாமல் இறுக்கி மூடினாள். பிறகு லிச்சி மரத்தடிக்குப் போய் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் சோற்றுப் பாத்திரத்தை மூடித் தரையில் வைத்ததை மட்டும் பார்த்தேன். பெண் எழுந்து கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டது.

வெகுநேரம் கழித்து அவர் மேசைக்கு வந்தார். "கணக்குப் பக்கம் போட்டுக்குங்க மிஸ். ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

எழுதினேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், முடியவில்லை. "உங்க பையன் இப்பவும் எழுதலாம், அண்ணே. வயசு ஒரு தடையில்லை" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் அம்மா வந்துவிட்டாள். "அவன்கிட்ட மட்டும் யாரும் சொல்லக் கூடாது" என்றாள். கணவரிடம் சொன்னாள், மகளிடம் சொன்னாள், பிறகு என்னிடமும் சொன்னாள். "அவனுக்குக் குடும்பமாச்சு, குழந்தையாச்சு. முடிஞ்சு போச்சுன்னு நெனச்சுத்தான் ஒரு மாதிரி இருக்கான். இன்னும் முடியலைன்னு இப்போ சொன்னா, இத்தனை வருஷம் வெட்டினதை அவன் எங்க கொண்டுபோய் வெப்பான்?"

அது சரியில்லை என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் அவன் அவள் பிள்ளை. தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியும் யார் வந்து உட்கார்ந்தாலும், பாடம், பக்கம், கட்டணம் எல்லாவற்றுக்கும் முன்னால், "தவறினால் மறுபடி எழுதலாம்" என்று சொல்லிவிடுவேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. கல்யாண வீட்டில் ஒப்பாரி வைக்கிறேன் என்றார். வைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பெண் கணக்குப் பக்கம் எளிதாகப் படித்தாள் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் வருடம் தடுமாறினாள். நடுவில் பெரிய சூறாவளி வந்து கொட்டகைக் கூரையைச் சுருட்டிக்கொண்டு போனது. பல நாள் மழைக்கு ஒதுங்கி நின்றே பாடம் கேட்டார்கள். ஆங்கிலத்தை நினைத்தால்தான் எனக்குக் குலை நடுங்கும். பள்ளிக்கூடம் விட்டதும் அவளை நிறுத்திக் கட்டுரை எழுத வைப்பேன். திட்டுவேன். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வீட்டில் யாரை நினைத்து அவ்வளவு உழைத்தாள் என்று எனக்குத் தெரியும், நாங்கள் இருவரும் அதைப் பேசியதே இல்லை.

பரீட்சை முடிவு வந்த நாளில் அப்பாவுக்குக் காலில் அடிபட்டிருந்ததால் அண்ணனோடு வந்தாள். அவனை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். கையில் கரும்புத் தோகை அறுத்த தழும்புகள். அவள் போர்டைப் பார்க்கப் போனபோது அவன் கூட வரவில்லை. போர்டு இருந்த பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான். அவள் திரும்பி ஓடிவந்து, "பாஸ், அண்ணா. இங்கிலீஷும் பாஸ்" என்றாள். அவன் அவள் தலையில் கையை வைத்தான். அந்தக் கையை உடனே எடுக்கவில்லை. பேசமாட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று பேசினான். "நன்றி மிஸ்" என்றான். தமிழிலேயே சொன்னான்.

அப்போதுதான் தெற்குக் கரையில் சுரினாம் என்கிற ஊரிலிருந்து வந்த இன்னொரு பெண் என்னிடம் ஓடிவந்தாள். ஆங்கிலத்தில் போயிருந்தது. அவள் அப்பா பின்னால் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றார். ஜனவரியில் நான் சொன்னதெல்லாம் அவர்களுக்கு மறந்துவிட்டது. அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

"மிஸ், எனக்கு ஃபினியா?" என்று கேட்டாள்.

பக்கத்திலேயே அந்த அண்ணன் நின்றான். தங்கை அவன் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவர்களைத் தள்ளிப் போகச் சொல்ல வழியில்லை. அழுகிற பிள்ளையை, இரு, பிறகு சொல்கிறேன் என்று நிறுத்தி வைக்கவும் முடியவில்லை.

"இல்லைம்மா. அடுத்த வருஷம் மறுபடி எழுது. எழுதலாம்" என்றேன்.

அந்தப் பெண் என் தோளில் விழுந்து அழுதாள். அவள் தலைக்கு மேலாக அவனைப் பார்த்தேன். அவன் ஏதோ கணக்குப் போடுகிறவன்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மரியாதையாக, மெதுவாகக் கேட்டான்.

"எப்போலேர்ந்து மிஸ் இந்தச் சட்டம்?"

தங்கையின் கண்கள் என்மேலேயே இருந்தன.

"இப்போதான் மாத்தினாங்க" என்றேன்.

"நல்ல சட்டம்" என்றான். தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு துண்டால் வாயைப் பொத்தி நின்ற அந்த அப்பாவிடம் போய், "அழாதீங்க மாமா, எங்க காலம் மாதிரி இல்லை. இப்போ சட்டத்தை மாத்திட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.