சொல்லாமல் விட்ட அலகு

ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்த்துவந்த அந்தப் பெண்மணியை எல்லோரும் 'ஸ்பேனர் அக்கா' என்றே அழைத்தனர். கட்டடங்களுக்கு வண்ணம் பூசிவந்த அவருடைய கணவர், சாரத்திலிருந்து விழுந்தபின் கைகளை அசைக்க இயலாதவரானார். காலையிலும் இரவிலும் மனைவி ஊட்டிவிடுவார். மதியத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் வருவார். நல்லவர்தான், ஆயினும் கைப்பேசியில் பேசிக்கொண்டேதான் ஊட்டுவார்.

"அவங்க மாமியார் சண்டை முடியறதுக்குள்ள என் தட்டு காலியாயிடுது. என்ன சாப்பிட்டேன்னு கேட்காத, மாமியார் குணம் வேணா சொல்றேன்" என்பார் கணவர். சிரித்துக்கொண்டு சொல்வார்தான். ஆனால், மதியத்தில் பசியில்லை என்று அடிக்கடி கூறத் தொடங்கினார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. பிறர் கையை எதிர்பாராமல் அவர் அந்த ஒரு வேளையேனும் உண்ணவேண்டும் என்பதே மனைவியின் கவலையாயிற்று.

கணினித் துறையில் வேலைபார்த்த கொழுந்தன் ஒரு வழி சொன்னான். ஊட்டிவிடும் இயந்திரக் கை ஒன்றின் வரைபடமும் அதை இயக்கும் மென்பொருளும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன. ஸ்பேனர் அக்கா கையைப் பூட்டி முடித்தார். தட்டிலிருந்து கரண்டி தானாக எழுந்து வந்தபோது, "வாங்க மாப்பிள்ளை" என்று அதை வரவேற்றார் கணவர்.

ஆனால், கரண்டி முகவாய்க்கட்டையோடு நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் தூக்கி விடேன்."

மென்பொருளில் 'உயரத் திருத்தம்' என்றொரு கட்டம் இருந்தது. அதில் பூச்சியம் என்று மட்டும் இருந்தது. எந்த அலகு என்ற குறிப்பு இல்லை. கையேட்டைத் தேடினால், 'தேவைக்கேற்ப வழக்கம்போல் மாற்றிக்கொள்க' என்ற ஒரே வரிதான். ஊசியை இம்மி இம்மியாக நகர்த்திப் பழகியவர் அவர். கை எழும் கோணத்தில் இரண்டு பாகை கூட்டினால் போதுமென எண்ணி, இரண்டு என்று இட்டார்.

"ரெண்டு டிகிரி ஏத்தியிருக்கேன். எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடறேன்."

"ரெண்டு டிகிரிக்கு எந்திரிக்கணுமா? போடு."

அந்த மென்பொருள் கோணத்தை ரேடியனில் அளப்பது. இரண்டு ரேடியன் என்றால் நூறு பாகைக்கும் மேல். கரண்டி சீறி எழுந்து அவர் வாயில் மோதியது. முன்பல் ஒன்று உடைந்தது. முகத்தை மறைத்துக்கொள்ளக் கை எழாமல், இரத்தம் ஒழுக அப்படியே அமர்ந்திருந்தார்.

மென்பொருளை எழுதியவர்களின் இணைய மன்றத்தில் அக்கா நடந்ததைத் தெரிவித்தார். 'இத்துறையில் எல்லாமே ரேடியன்தான். இதுகூடத் தெரியாதவர் மோட்டாரைத் தொடக்கூடாது' என்று பதில் வந்தது.

கொழுந்தனும் அதையே சொன்னான். "அண்ணி, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"உங்க அண்ணன் பல்லுக்குத் தெரியலையே, தம்பி."



புதியவர்களுக்கென்று அவர் ஒரு பக்கம் எழுதி அனுப்பினார்: கட்டத்தில் இடவேண்டிய அலகு எது, ஒரு பாகைக்கு எவ்வளவு, முதல் ஓட்டத்தின்போது எதிரே எவரையும் அமர்த்தாதீர்கள். எளிய சொற்களில் பிழையின்றி எழுதப்பட்ட பக்கம். 'மிகவும் அடிப்படையானது, தேவையில்லை' என்று மன்றத்தினர் அதைச் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டனர். கற்றவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதையே கையேடு என்று கருதிவிட்டார்கள் போலும்.

எண்ணைத் திருத்தியபின் கை ஒழுங்காக வேலைசெய்தது. நாற்காலியில் தலையணையை நிறுத்திப் பலமுறை ஓட்டிக் காட்டினார். கரண்டி உரிய இடத்தில் மெல்ல வந்து நின்றது.

"பார்த்தீங்கல்ல? இப்ப உட்காருங்க."

கணவர் மறுக்காமல் வந்து அமர்ந்தார். மோட்டார் முனகத் தொடங்கியதுமே அவர் தலை பின்னுக்குப் போய்ச் சுவரில் இடித்தது. மீண்டும் முயன்றார், மீண்டும் இடித்தது.

"நீ சரி பண்ணிட்டேன்னு நான் நம்பறேன். இந்தக் கழுத்து நம்ப மாட்டேங்குதே" என்றார்.

வருவதைத் தடுக்கக் கையில்லாத அவருக்கென்று எஞ்சியிருந்த தற்காப்பு அது ஒன்றுதான். அக்கா மின்னிணைப்பைத் துண்டித்தார். கரண்டியைக் கழற்றிக் கழுவி, அதனாலேயே அவருக்கு ஊட்டலானார்.