கண்டல் மரங்களுக்கு இலக்கம் போட்டவர்

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையில், இடுப்பளவு தண்ணீரில் நின்று, அலையாத்திக் காடாய் வளர்ந்திருந்த கண்டல் மரங்களுக்குச் சிவப்புப் பெயின்றால் இலக்கம் எழுதிக்கொண்டிருந்தார் ஓர் இறால்காரர். ஒவ்வோர் இலக்கத்தையும் ஒரு கண்ணை மூடிச் சரிபார்த்தார். மரங்களை வெட்டத்தான் அடையாளமிடுகிறார் என்று நினைத்தேன்.

“எந்தக் கந்தோர் அனுமதி?” என்று கரையிலிருந்து கேட்டேன்.

“ஒண்டுமில்லை ஐயா. நம்பர் இருந்தா அரசாங்கம் எண்ணி வச்சிருக்கெண்டு வெட்டுறவங்கள் பயப்பிடுவாங்கள். இந்தக் கண்டல் போனா அடுத்த புயலுக்கு எங்கட வீடுகள் நிக்காது.”

“அரச இலக்கம்போல எழுதுறது குற்றம், தெரியுமோ?”

“ஓம். பொலிசில சொல்லிக் குடுக்கப் போறீங்களோ?”

நான் காணிக் கந்தோரில் முப்பது வருடம் அரச உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவன். “நம்பர் மட்டும் போதாது. கீழ ஆண்டையும் போடுங்கோ, அப்பதான் நம்புவாங்கள்” என்றேன்.

மறுபேச்சில்லாமல் போட்டார். என் சேவைக்காலத்தில் நான் சொன்னதை அப்படி உடனே யாரும் செய்ததில்லை. அதனாலேயே அவர்மேல் எனக்கு இன்னும் சந்தேகம்.