நடுங்கியது யார் கை?

மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர் வேலை என்றால் வாய்க்கு ஓய்வே இல்லை, காதுக்குத்தான் வேலை கம்மி. அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் கால்கடுக்க நின்ற உங்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்? தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு மயிலாப்பூரில் அந்த உத்தியோகம்.

புது உத்தரவு

நோயாளியை உட்கார வைத்துவிட்டு, கூட வந்தவரைக் கேட்பதுதான் எங்கள் வழக்கம். தூங்கறாளா, சாப்பிடறாளா, எல்லாம் அவரிடம்தான். என்ன வேண்டும் என்று இனி நோயாளியையே கேளுங்கள் என மேலிடத்து உத்தரவு வந்தது. அடையாற்றங்கரையிலிருந்து அண்ணனோடு வந்த சுசீலாவிடம் ஆரம்பித்தேன். அவள் வாயைத் திறக்குமுன் அண்ணன் முந்திக்கொண்டார்: "அவள இன்னாத்துக்கு மேடம் கேட்டுக்கினு? நான்தான் கீறேன்ல."

தி.நகர் தையல் கடை

அண்ணனை டீ குடிக்க அனுப்பிவிட்டு மறுபடி கேட்டேன். நோய் வருமுன் தி.நகர் தையல் கடையில் புடவைக் கரையோரம் ஃபால் துணி வைத்துத் தைத்தவள், அந்த வேலைதான் வேண்டுமாம். அது சரிப்படாவிட்டால் ஊருக்கு வெளியே ஏதாவது ஹோமில் சேர்த்துவிடுவதென்று அண்ணன் முடிவே கட்டியிருந்தார். அவளையும் கூட்டிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் எதையும் மறைக்காமல் பேசினோம். அவர் கொஞ்சம் யோசித்தார். "தீபாவளி நேரம் மேடம். ஃபால் சுருங்காம இருந்தா போதும், நாளைக்கே வரட்டும்."

கோணல் தையல்

ஒரு மாதம்கூட ஆகவில்லை, தையல் கோணல்மாணலாக இருக்கிறதென்று கடைக்காரர் அவளை அனுப்பிவிட்டார். அண்ணன் அவள் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். இருவரையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் டாக்டர் தங்கமான மனிதர்தான், ஆனாலும் பழக்கம் லேசில் விடுமா? அண்ணனைப் பார்த்து, "மாத்திரையால கை நடுங்குதா?" என்றார். "அதெல்லாம் இல்ல சார், நல்லாத்தான் கீது." சுசீலா நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நடுங்கறது என் கை சார். அவர இன்னாத்துக்குக் கேக்குறீங்க?"

திங்கட்கிழமை

டாக்டர் அசடு வழிய மாத்திரையை மாற்றினார். நடுக்கம் அடங்கியது, மூட்டையும் வீடு திரும்பியது. கடைக்காரர் மறுபடி ஒரு புடவை கொடுத்துப் பார்த்தார், அப்புறம் கட்டுக்கட்டாகக் கொடுத்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை, எங்களிடம் வரவேண்டிய நாளில் அவளைக் காணோம். பதறியடித்து பஸ் பிடித்துக் கடைக்கு ஓடினேன். புடவைக் குவியலிலிருந்து தலை நிமிராமலே சொன்னாள்: "மாத்திரை இன்னும் கீது மேடம். திங்கக்கெழம கல்யாண ஆர்டர். நீங்க ஆஸ்பத்திரிய வியாழக்கெழமைக்கு மாத்திக்கோங்க."

மாற்றினோம். உங்களைப் பார்க்க நேரமில்லை என்று நோயாளி முகத்துக்கு நேரே சொன்னால் வயிறு குளிர்கிற உத்தியோகம், எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.