எண்ணெய்க் குப்பியோடு நின்ற அம்மா

ஜாலான் புசார் சாலையில் ஒரு கடை முன்னால் காது குடைகிறவன் ஒருவன் முக்காலி போட்டுத் தொழில் செய்தான். அவனுக்குப் பக்கத்திலேயே ஒரு அம்மா நிற்பார். ஒல்லியான உடம்பு, வெளுத்த சேலை, கையில் சின்ன எண்ணெய்க் குப்பி. பேர் தெரியாது.

எனக்குக் காது அடைத்துப்போய் ஒருநாள் அந்த முக்காலியில் உட்கார்ந்தேன். அவன் கம்பியை எடுத்தான்.

"தம்பி, எந்திரி. என் காதுச் சவ்வை ஓட்டை போட்டது அந்தக் கம்பிதான்," என்றார் அந்த அம்மா. "வலியோ சீழோ இருக்கா?"

"இல்லைங்க. அடைப்புத்தான்."

"அப்ப வீட்டுக்குப் போ. வெதுவெதுப்பா ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு ஒருக்களிச்சுப் படு. நாலஞ்சு நாள் செய். அழுக்கு இளகித் தானா வரும். வெளியே மட்டும் துணியால துடை, உள்ளே எதையும் விடாதே. வலிச்சா ஆஸ்பத்திரிக்குப் போ."

"என் பொழைப்பைக் கெடுக்கவே வருது லா, இந்தப் பிசாசு!" என்று அவன் கத்தினான்.

அவர் திரும்பவே இல்லை. கெட்ட காது அவன் பக்கம் இருக்கும்படி நின்றிருந்தார்.

"அவன் கெடுத்த காது. திட்டுறதை அதுலயே கொட்டட்டும்," என்றார்.

நான் எழுந்துவிட்டேன். எனக்குப் பின்னால் காது குடையக் காத்து நின்ற ஆளும் போய்விட்டார். எண்ணெயிலேயே என் காது திறந்தது.

கொஞ்ச நாளில் அவன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்த அம்மா இனி வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன். ஒருநாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றார், அதே குப்பியோடு. நல்ல காதை என் பக்கம் திருப்பினார்.

"தம்பி, பிடோக்குக்கு எந்த பஸ்? அவன் அங்கதான் உக்காந்திருக்கானாம்."

சொன்னேன். ஏறி உட்கார்ந்ததும் குப்பியின் மூடியை இறுக்கிக்கொண்டார்.