தூங்காதேடி என்று அதட்டினேன்

ஐம்பத்தெட்டாம் வருஷம், தவக்காலம். வடமதுரைக்குப் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் சாகக் கிடக்கிறார் என்று ஆள் வந்தது. திண்டுக்கல்லில் இருந்து நானும் என் நாத்தனாரும் பஸ் ஏறிப் போனோம். எங்கள் கோயில் பங்கில் இந்த மாதிரி வீடுகளுக்கு எங்கள் இரண்டு பேரைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சு அடங்குகிற நேரத்தில் ‘இயேசு, மரி, சூசை’ என்று காதில் சொல்லி அனுப்பிவைக்க வேண்டும் அல்லவா? அதற்கு அழாத ஆள் வேண்டும். நாங்கள் அழ மாட்டோம்.

இருவருமே விதவைகள், ஒரே வீடு. எனக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது. இழுப்பு நோய்க்காரி வேறு, நாலு எட்டு வைத்தால் இரைக்கும். அவள் என்னைவிட இளையவள், கல்லுக்குண்டு மாதிரி இருப்பாள். “மதினி, பயப்படாதீங்க. உங்க காதுல நான்தான் சொல்லுவேன். தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்றேன்” என்று கேலி பண்ணுவாள். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தால் சாவை நினைத்து நடுங்குகிறவள் நான். கடைசி நேரத்தில் இவள் பக்கத்தில் இருப்பாள் என்பது ஒன்றுதான் எனக்குத் தெம்பு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாமியார் அந்தப் பெரியவருக்குக் கடைசி நேரத்து அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுச் சைக்கிளில் கிளம்பிக்கொண்டிருந்தார். பெரியவர் வெங்காய வியாபாரி, நாத்தனாருக்கு அண்ணன் முறை. கண் மூடிக் கிடந்தார். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. இன்னும் செத்த நேரம்தான் என்று எல்லாரும் முடிவே கட்டிவிட்டார்கள்.

நாத்தனார் தலைமாட்டில் உட்கார்ந்து, மந்திரித்த மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு செபமாலையைத் தொடங்கினாள். அவள் முன்பாதி சொல்ல, நாங்கள் பின்பாதி சொன்னோம். மத்தியான வெயில், போதாததற்கு ஒருசந்தி. காலையில் இருந்து இரண்டு பேர் வயிற்றிலும் பச்சைத் தண்ணீர்தான்.

ஒரு மந்திரத்தை ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். சரி, பெரியவர் போய்விட்டார் போலிருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். இல்லை, மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது. திரும்பினால் இவள் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருக்கிறாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. சாவு வீட்டிலா தூங்குவது!

“ஏடி, தூங்காதேடி! முழிச்சு இருந்து சொல்லு” என்று முழங்கையில் இடித்தேன். மெழுகுவர்த்தி சரிந்தது. கொதிக்கிற மெழுகு அப்படியே அவள் விரல்களில் கொட்டியது. அந்தக் கை துடிக்கவே இல்லை.

ஐயோ, அது தூக்கமில்லை. சாமியாரைக் கூப்பிட யாரோ ஓடினார்கள். நான் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேர் காதில் சொன்ன வார்த்தை! ஒரு எழுத்துகூட வாயில் வரவில்லை. என் நாத்தனார், என் கண் எதிரே, யாரும் எதுவும் சொல்லாமல் போய்க்கொண்டிருக்கிறாள்.

அப்போது கட்டிலில் இருந்து ஒரு கை நீண்டது. சாகக் கிடந்த அந்த மனிதர் கண்ணைத் திறந்துவிட்டார். தட்டுத்தடுமாறி ஒருக்களித்து, அவள் தலையைத் தொட்டு, “தங்கச்சி... இயேசு, மரி, சூசை... சொல்லும்மா, இயேசு, மரி, சூசை” என்றார். குரலே எழும்பவில்லை. ஆனாலும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பாதி வழியில் இருந்து திரும்பி ஓடிவந்த சாமியார் நேரே கட்டிலுக்குப் போனார். “அவருக்கு இல்ல சாமி, இவங்களுக்கு” என்று காட்டியதும் அவர் முகம் வெளுத்துப்போனது. “நான் கிளம்பும்போது நல்லா நின்னாங்களேம்மா!” என்றார். பிறகு மண்டியிட்டு, உயிர் ஒட்டிக்கொண்டிருந்தால் பலிக்கட்டும் என்று அவளுக்கும் பூசினார். உயிர் இருந்ததா, அண்ணன் சொன்னது காதில் விழுந்ததா, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். தெம்பு வந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து, “எனக்கு வந்த வண்டியில தங்கச்சி ஏறிப் போயிருச்சே” என்று தேம்பினார். அன்றைக்கு நானும் வாய்விட்டு அழுதேன்.

இதெல்லாம் நடந்து பத்து வருஷம் ஆகப்போகிறது. இப்போதும் கூப்பிட்டால் போகிறேன். ஆனால் கட்டிலில் கிடப்பவர்தான் போகப்போகிறவர் என்று நினைப்பதை விட்டுவிட்டேன். என் காதில் சொல்ல யார் இருப்பார்கள் என்ற கவலையும் போய்விட்டது. அடுப்பு மூட்டும்போதும், பஸ் ஏறும்போதும், பாயில் சாயும்போதும் என் காதுக்குக் கேட்கும்படி நானே சொல்லி வைத்துக்கொள்கிறேன். அடுத்த மூச்சு உனக்குத்தான் என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே.