சகலன் காட்டிய தகரக் கூரை

சகலனின் வலது கைச் சுட்டுவிரல் நுனியில் சற்று வளைந்திருக்கும். அவருடைய நெல்லு மில்லின் ஓடும் பட்டியில் எப்போதோ அகப்பட்ட விரல் அது. அந்த வளைந்த விரலை வேலிக்கு மேலாக நீட்டி, ஊருக்குப் புதியவர்களுக்கு என் வீட்டுக் கூரையை அவர் காட்டுகிற காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. மில் வாசலில் ஒரு பிக்கப்போ வானோ நிற்கும். சப்பாத்தில் புழுதி படிந்த இரண்டு மூன்று பேர் கதிரைகளில் இருப்பார்கள். அவருடைய மனைவி, என் மச்சாள், தேத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பா. சகலன் மட்டும் நின்றுகொண்டு கதைப்பார். கொஞ்ச நேரத்தில் விரல் எழும்பும். வந்தவர்கள் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்புவார்கள். நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றாலும் சரி, முற்றத்தில் உழவு இயந்திரத்தின் சாமான்களுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாலும் சரி, அவர்களுடைய கண் என்னைத் தாண்டி மேலே போய்விடும். ஆள் முக்கியமில்லை, கூரைதான் முக்கியம்.

அவர் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். மாமனார் புதுக்குடியிருப்பில் வீதியோரமாக இருந்த ஒரே காணியை இரண்டாகப் பிரித்து இரண்டு மகள்மாருக்கும் சீதனமாகக் கொடுத்தார். வீதிப் பக்கம் அகலமாக உள்ள பங்கு மூத்தவளுக்குப் போனது. எங்களுக்குக் கிணறு கிடைத்தது. நடுவில் ஒரு வேலி. நான் முள்ளியவளையில் பிறந்து வளர்ந்தவன். இந்தப் பக்கத்தில் எந்தக் குளம் எந்த மாதம் வற்றும் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன். அவர் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து கலியாணம் கட்டி வந்தவர். ஆனாலும் வெளியிலிருந்து யார் வந்தாலும் அவருடைய மில் வாசலில்தான் வாகனத்தை நிறுத்துவார்கள். இந்த எரிச்சல் எனக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அதை நான் ஒளித்ததும் இல்லை. மனைவிக்குத் தெரியும், வேலிக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும்.

சமாதானப் பேச்சு நடந்த காலத்தில்தான் முதன்முதலில் அந்த வாகனங்கள் வரத் தொடங்கின. பாதை திறந்திருந்தது. கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்கள் வந்து, காணி என்ன விலை, கரண்ட் எப்போது வரும், கடற்கரையில் ஐஸ் தொழிற்சாலை போடலாமா என்று விசாரித்தார்கள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, போகிற நேரத்தில், குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள்: இந்த நாடு எப்போது ஒரு நிலைக்கு வரும்? சகலன் அப்போது கொஞ்சமும் யோசிக்காமல், "வந்திட்டுது எண்டு நினையுங்கோ. பயப்பிடாமல் முதலைப் போடுங்கோ" என்பார். சொன்னதோடு நிற்கவில்லை. தானும் மில்லைப் பெருப்பித்துக் கொங்கிரீட் கூரை போட்டார். நான் தகரத்தை நட்டும் போல்ட்டும் போட்டுத்தான் பூட்டினேன். எங்கள் பக்கத்துச் சனத்துக்கு அது பழக்கம். இடம்பெயரும்போது ஸ்பானரை எடுத்துக் கூரையைக் கழற்றி, கதவு நிலையையும் பெயர்த்து, உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய், போகிற இடத்தில் நாலு தடியை நட்டுப் பூட்டிவிடுவோம். கொங்கிரீட்டை யாரும் கழற்றிக்கொண்டு போக முடியாது.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கி நடந்தது எல்லாருக்கும் தெரியும். அவருடைய கொங்கிரீட் அந்த இடத்திலேயே விழுந்தது. என் தகரம் என்னோடு இடம் இடமாக வந்து, கடைசியில் ஒரு மணல் வெளியில் கைவிடப்பட்டது. இருவரும் வெறுங்கையோடுதான் முகாமுக்குப் போனோம், வெறுங்கையோடுதான் திரும்பி வந்தோம். நியாயமாகப் பார்த்தால் அதோடு எங்கள் கணக்குச் சமமாகியிருக்க வேண்டும். ஆனால் அவர் வந்த கையோடு பழைய இயந்திரம் ஒன்றைத் தேடிப் பிடித்து மில்லை ஓட்டத் தொடங்கிவிட்டார். நான் ஸ்பெயர் பாட்ஸ் கடையைத் திறந்து, வீட்டைக் கட்டி, திரும்பவும் தகரத்தை நட்டும் போல்ட்டும் போட்டுப் பூட்டினேன்.

கொஞ்சக் காலத்தில் வாகனங்களும் திரும்பி வந்தன. இந்த முறை வந்தவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். கையில் படங்கள், வரைபடங்கள், மடிக்கணினி எல்லாம் இருந்தன. கேள்வி மட்டும் மாறவில்லை. ஒருமுறை தன் சொல்லை நம்பிக் கெட்ட சகலன், இந்த முறை என் கூரையைப் பிடித்துக்கொண்டார். "என்னைக் கேக்காதேங்கோ. நான் ஆசைக்காரன், எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவன். அங்கை பாருங்கோ, அந்தத் தகரக் கூரை. அது என்ரை சகலன்ரை வீடு. அவர் இந்த மண்ணிலை பிறந்த ஆள். போல்ட்டைக் கழட்டிப்போட்டு அவர் எண்டைக்குக் கொங்கிரீட் போடுறாரோ, அண்டைக்கு நாடு நிலைக்கு வந்திட்டுது. அதுவரைக்கும் பொறுங்கோ" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுக் கைபேசியை எடுத்து என் கூரையைப் படம் பிடிப்பார்கள்.

இதை நான் முதலில் கேட்ட நாளில் என் முற்றத்தில் ஒரு லோட் மணலும் சல்லிக்கல்லும் குவிந்து கிடந்தன. கொங்கிரீட் போடத்தான் ஏற்றி வந்து பறித்திருந்தேன். மனைவி பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மழை பெய்தால் தகரத்தின் சத்தத்தில் தொலைபேசியில் மகனின் குரல் கேட்பதில்லை என்பது அவளுடைய குறை. மேசனோடும் பேசி முடித்தாயிற்று. அந்தப் பின்னேரம் வேலிக்கு அப்பால் சகலனின் குரல் கேட்டது, விரலும் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் என் வீட்டுக்குக் கூரை போட்டால் அது அவருடைய சாத்திரம் பலித்ததாகப் போகும். வாகனக்காரர்கள் அவருக்குக் கை கொடுப்பார்கள். அடுத்த கிழமையே மணலையும் கல்லையும் கோயில் மதில் வேலைக்கு ஏற்றி அனுப்பிவிட்டேன். ஊரில் எனக்குப் புண்ணியவான் என்று பெயர் வந்தது. மனைவி மட்டும், "ஊரிலை ஆரும் பக்கத்து வீட்டுக்காரனோடை உள்ள எரிச்சலுக்குத் தன்ரை வீட்டைக் கட்டாமல் விடுவினமோ?" என்று கேட்டுவிட்டு, மணல் கிடந்த இடத்தைக் கூட்டத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு என் கூரைக்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. வருடா வருடம் வருகிறவர்கள் வாகனத்தை நிறுத்தாமலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் வேலியடிக்கே வந்து, "ஐயா, எப்ப கொங்கிரீட் போடுற யோசனை?" என்று பணிவாகக் கேட்டார். நான் "பாப்பம்" என்றேன். அவர் முகம் வாடித் திரும்பிப் போனார். எங்கள் வீதிக்கு வர இருந்த பால் சேகரிக்கும் நிலையம் நெடுங்கேணிப் பக்கம் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். படித்த மனிதர்கள், எத்தனையோ நாடுகளைப் பார்த்தவர்கள், என் தகரத்தைப் பார்த்து வன்னிச் சனம் இன்னும் பயத்தில் இருக்கிறது என்று முடிவெடுத்தார்கள். பயமாவது மண்ணாங்கட்டியாவது. அந்தத் தகரத்தில் இருந்தது முழுக்க முழுக்கச் சகலன் மேல் எனக்கிருந்த பொறாமை.

அவருடைய மில் வளர்ந்ததையும் வீதியோரக் காணிகள் அவர் கைக்கு வந்ததையும் கூட நான் பொறுத்துக்கொண்டேன். பிரான்சிலிருந்து அவருடைய மகள் புருசனோடும் பிள்ளைகளோடும் ஒரேயடியாக ஊருக்கு வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்று, இளம் பிள்ளைகள் எல்லாம் பாஸ்போட் எடுக்க ஓடிக்கொண்டிருந்த காலம் அது. டீசல் இல்லாமல் மில் நின்றுபோயிருந்தது. வாகனக்காரர் ஒருவரையும் காணவில்லை. எனக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோசம். சகலன் வேலியடிக்கு வந்து, "தம்பி, உம்மடை தகரம்தான் வெண்டிட்டுது" என்று சிரித்தார். அந்த மாதத்திலேயே வீதிக்கு எதிர்ப்பக்கக் காணியை, வெளிநாடு போகிற ஒருவரிடம் வாங்கிப் போட்டார். அந்த மாதத்திலேயே மகளையும் வரச் சொன்னார். அதற்குப் பிறகு காலையில் கண் விழித்தால் வேலிக்கு அப்பால் "அம்மப்பா, அம்மப்பா" என்று இரண்டு குரல்கள். அப்பப்பா என்று என்னை அழைக்கும் குரல் கைபேசியில் மட்டும்தான் வரும், அதுவும் மழை இல்லாத நாளில்.

என் மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். ஒரே பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பான். "அப்பா, அங்கை நிலைமை எப்பிடி?" என்று கேட்பான். "பரவாயில்லை" என்பேன். "வீட்டை ஒருக்கால் காட்டுங்கோ" என்பான். கைபேசியைத் திருப்பி முற்றம், கிணறு, மா மரம் எல்லாம் காட்டுவேன். கூரை வரைக்கும் காட்டச் சொல்லுவான். ஊர் ஆசை என்று நினைத்துக்கொள்வேன். அவன் வந்து பக்கத்தில் இருக்க வேண்டும், கடையைப் பெருப்பிக்க வேண்டும், அவனுடைய பிள்ளைகள் இந்த முற்றத்தில் புரள வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. சகலன் மகளைக் கூப்பிட்டதைப் பார்த்து நானும் கூப்பிட்டேன் என்று ஆகிவிடக் கூடாது.

போன மாசியில் சகலன் இறந்துபோனார். மில்லில் மூடை இறக்கிக்கொண்டு நின்றவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தவர், கதிரையில் இருந்தபடி சரிந்தார். சொந்தக்காரர் கலியாணம் ஒன்றுக்கும் வராத, நான் வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வராத என் மகன், பெரியப்பாவின் செத்தவீட்டுக்கு விமானம் ஏறி வந்தான். நான் அதையும் பார்த்தேன். சுடலையிலிருந்து திரும்பிய அன்று பின்னேரம் அவன் முற்றத்தில் நின்று கூரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உந்தக் கூரையைப் பாத்துத்தான் அப்பா நான் இவ்வளவு காலமும் வராமல் இருந்தனான்" என்றான். "பெரியப்பாவிட்டை எத்தினை தரம் கேட்டிருப்பன், வரலாமோ எண்டு. உன்ரை அப்பா கொங்கிரீட் போட்டால் வா எண்டார். நீங்கள் போடேல்லை. அம்மாவையும் உங்களையும் விட்டிட்டு இருக்கிற எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் அதைத்தான் பாக்க வேண்டியிருந்தது. போன வருசம் அங்கை வீடு வாங்கிட்டன். பிள்ளையளும் அங்கத்தைப் பள்ளிக்கூடத்திலை வேர் ஊண்டிட்டினம். இனி அவை வரமாட்டினம் அப்பா."

அவன் கண்ணைத் தவிர்த்து நானும் கூரையைப் பார்த்தேன். பயத்தினால் இல்லை மகனே, உன் பெரியப்பாவில் எனக்கிருந்த எரிச்சலினால்தான் என்று சொல்லலாமா? குசினி வாசலில் நின்ற மனைவி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

எட்டாம் நாள் படைத்து உண்ணும் எட்டுச் செலவு அன்று மச்சாள் பழைய கதைகளைச் சொல்லி அழுதுகொண்டும் இடைக்கிடை சிரித்துக்கொண்டும் இருந்தா. என்னைக் கண்டதும், "உங்கடை கூரையைப் பற்றிக் கதைக்காத நாளில்லை மனிசன்" என்றா. "தம்பி பயத்திலை போடாமல் இருக்கேல்லை, என்னிலை உள்ள கடுப்பிலைதான் போடாமல் இருக்கிறார் எண்டு சிரிப்பார். நான் சொல்லுவன், அப்ப ஏன் வாறவைக்கு அதைக் காட்டுறியள் எண்டு. அவை பொறுத்தால்தானே நாங்கள் காணியை வாங்கலாம் எண்டுவார்." மச்சாளுக்கு அது வெறும் பகிடி. நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். ஒவ்வொரு வாகனமும் திரும்பிப் போன பிறகு அவர் வாங்கிய காணிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மற்றவர்கள் எல்லாரும் நாட்டை நம்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். இந்த மனிதர் என் பொறாமையை நம்பி முதல் போட்டிருக்கிறார். அது ஒருநாளும் அவரைக் கைவிடவில்லை. கோபம் வந்தது உண்மை. அதைவிட, இப்படி ஒரு கெட்டித்தனம் எனக்கு வாய்க்கவில்லையே என்ற பொறாமைதான் கூடுதலாக வந்தது.

மகன் போய்விட்டான். அவனை ஏற்றிய வான் வீதியில் மறையும் வரை மனைவி படலையடியில் நின்றாள். இந்தக் கிழமை நான் வீட்டுக்குக் கொங்கிரீட் போடுகிறேன். தகரத்தைக் கழற்றி வேலியோரம் சாத்தி வைத்திருக்கிறேன். நேற்றுக் காலை கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது வீதியில் ஒரு பிக்கப் மெல்ல வந்து நின்றது. இறங்கியவன் இளம் வயது, கொழும்புப் பக்கத்து ஆள் போல இருந்தான். யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். கூரை இல்லாத என் வீட்டையும் கட்டி வைத்த கம்பிகளையும் பார்த்துவிட்டு, முகம் மலர்ந்து கிட்ட வந்தான்.

"ஐயா, கொங்கிரீட் போடுறீங்க போல. அப்ப நாடு ஒரு நிலைக்கு வந்திட்டுது, என்ன?"

இயந்திரச் சத்தத்தில் அவனுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சற்று உரத்துச் சொன்னேன்:

"நாட்டைப் பற்றி எனக்குத் தெரியாது தம்பி. என்ரை சகலன் செத்துப்போனார்."