சஹனில் மச்சானின் பங்கு

என் மனைவியின் அண்ணனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, இரைப்பை கிடையாது. கட்டி வந்ததால் முழுவதையும் எடுத்துவிட்டு, உணவுக்குழாயைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். டாக்டர் விளக்கியபோது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவன் நான்.

தின்ற சோற்றைப் பிசைந்து கூழாக்கி, சிறுகுடலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடுவது இரைப்பை. அதிலுள்ள சத்தை உறிஞ்சி ரத்தத்தில் சேர்ப்பது சிறுகுடல். அதை அவசரப்படுத்தக் கூடாது. இரைப்பை இல்லாதவர் ஒரேயடியாகச் சாப்பிட்டால், அதிலும் இனிப்பு சேர்ந்தால், எல்லாம் மொத்தமாகக் குடலில் போய் விழும். குடல் ரத்தத்திலுள்ள தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும், ஆள் சரிந்துவிடுவார். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இதைப் பற்றி வகுப்பெடுத்தவனும் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, என் லட்சணமும் அதுதான்.

போன மாதம் என் மகளுக்குக் கல்யாணம். எங்கள் திருமலைராயன்பட்டினத்தில் விருந்து என்றால் சஹன்தான். ஒரு பெரிய தாம்பாளம், சுற்றி நாலு பேர், அவரவர் பக்கத்துச் சோறு அவரவருக்கு. நானும் மச்சானும் ஒரு பக்கம், சம்பந்தியும் அவர் தம்பியும் எதிரே. மச்சான் நாலு வாய் நிதானமாக மென்றுவிட்டுக் கையை நிறுத்தினார். அவர் பக்கத்து நெய்ச்சோறு அப்படியே கிடந்தது.

"ஏன், கறி புடிக்கலையா?" என்றார் சம்பந்தி.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. பெண்ணின் தாய்மாமனே கை வைக்காத விருந்து என்று பேசுவார்களோ என்று பயந்தேன். ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். பெண் வீட்டில் நோய் இருக்கிறது என்ற பேச்சு வரக் கூடாதென்று, சம்பந்தம் பேசிய நாளிலிருந்தே அதை மறைத்துவைத்திருந்தேன்.

"கூச்சப்படுறாரு. சும்மா சாப்பிடுங்க மச்சான்" என்று கறியை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன். பாலும் சர்க்கரையுமாய்க் காய்ச்சிய பிர்னியையும் நானே நகர்த்தி வைத்தேன். மச்சான் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, மளமளவென்று சாப்பிட ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. சம்பந்தி முகத்தில் சிரிப்பு வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கை கழுவப் போன இடத்தில் மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. தாங்கிப் பிடித்து மண்டபத்தின் பின்னறையில் பாயில் படுக்கவைத்தேன். என் மனைவி ஓடி வந்தாள்.

"அண்ணனுக்கு என்ன குடுத்தீங்க?"

நான் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்தேன். அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வெகுநேரம் கழித்துத்தான் படபடப்பு அடங்கி, மச்சான் கண்ணைத் திறந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் என் கையைப் பிடித்து, பக்கத்தில் இழுத்து, மெதுவாகக் கேட்டார்:

"நான் தள்ளாடுனத சம்பந்தி வீட்டுல யாரும் பாக்கலையே மச்சான்?"